அறுநூற்றில் ஒருத்தி

முன்பின் தெரியாதவர்களைத் தொலைபேசியில் அழைத்து, அவர்கள் மனதில் இருப்பதைக் கேட்டு எழுதிக்கொள்வதுதான் சின்னவளுக்குப் பதினெட்டு வருடத் தொழில். டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், கருத்துக்கணிப்பு அலுவலகம் இருந்தது. நீளமான ஒற்றை அறை. பதினான்கு நாற்காலி, பதினான்கு கணினி, பதினான்கு ஹெட்போன். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் போனில் கேட்டுவிடக்கூடாது என்று ஜன்னல்களில் பழைய கம்பளங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். சோப்பு, தொலைக்காட்சித் தொடர், பேருந்து, தேர்தல் என்று எது வந்தாலும் கேட்பார்கள். பத்துப் பேரை அழைத்தால் ஏழு பேர் எடுக்கமாட்டார்கள். எடுத்த மூவரில் ஒருவர் திட்டுவார், இன்னொருவர் அடுப்பில் பால் இருக்கிறது என்பார். மிச்சமிருக்கும் அந்த ஒருவருக்காகத்தான் அந்த அறையே நடந்தது.

சின்னவள் அங்கே மேற்பார்வையாளர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லித் தருவது ஒன்றுதான்.

"பதில் வந்ததும் 'சரிங்க' சொல்லு. இல்லன்னா 'நன்றிங்க' சொல்லு. அதுக்கு மேல வாயைத் திறக்காதே. 'ரொம்ப கரெக்டா சொன்னீங்க'ன்னு ஒரு தடவ சொன்னா போச்சு. அடுத்த கேள்விலேர்ந்து அவங்க உன் மனசுல என்ன இருக்குன்னு தேட ஆரம்பிச்சிடுவாங்க."

அலுவலகத்தின் தலைவரை எல்லோரும் தசமம் ஐயா என்பார்கள். அறிக்கையில் எங்கே தசமப் புள்ளியைக் கண்டாலும் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவார். "அறுநூறு பேரைக் கேட்டுட்டு நாப்பத்தாறு புள்ளி மூணுன்னு எழுதுறவன், அந்த மூணுல பொய் சொல்றான்" என்பது அவர் வாதம்.

சின்னவளுக்கு உலகத்தில் இருந்த சொந்தம் இரண்டே பேர். அக்கா பெரியவள், அக்காவின் கணவர். அம்மாவுக்குப் பின் அப்பாவும் இறந்துபோனபோது சின்னவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடமே கல்யாணமாகி வந்த அத்தான், "இவளும் நம்மகூடத்தான்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். அதன் பிறகு அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவேண்டிய தேவையே வரவில்லை. இப்போது அவளுக்கு நாற்பது. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு மட்டும் அக்கா வீட்டில்.

அத்தான் முப்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கிளட்ச் மிதித்தவர்கள். இதுவரை யாரிடமும் அவர் குரல் உயர்ந்ததில்லை. சுவரில் மோதிய மாணவியிடம்கூட, "பரவாயில்லம்மா, சுவரு எங்க இருக்குன்னு இனிமே மறக்கமாட்டீங்க" என்றுதான் சொன்னாராம். பெரியவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். எதையும் இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு அத்தான் சொன்னார்.

"நான் மேயர் தேர்தல்ல நிக்கப்போறேன்."

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். பெரியவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் நிறைந்து வழிந்தது.

"மேயரம்மா ரெண்டு தடவ இருந்துட்டாங்க. நல்லவங்கதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா மூணாவது தடவையும் எதிர்த்து ஆளே இல்லாம ஜெயிச்சா அது என்ன தேர்தல்? நேத்து கடைத்தெருவுல நாலு பேர் பிடிச்சுக்கிட்டாங்க, நீங்க நிக்கணும் மாஸ்டர்னு. எப்படி முடியாதுன்னு சொல்றது?"

"அதானே," என்றாள் பெரியவள், வழிந்த தண்ணீரைத் துடைத்தபடி. "எப்படிச் சொல்றது."

மறுநாள் காலையில் சின்னவள் தசமம் ஐயாவின் அறைக்குப் போய், வேட்பாளர் தன் அத்தான் என்று சொன்னாள். ஊர்ப் பத்திரிகை அந்தத் தேர்தலுக்கு இரண்டு கணிப்புகள் கேட்டிருந்தது. ஐயா பேனாவை மேசையில் தட்டி யோசித்தார்.

"அறையை நீயே பாத்துக்கோ, வேற ஆள் இல்ல. எண்கள் உன் கண்ணுல படாது. பத்திரிகைல வந்தப்புறம் ஊரோட சேந்து நீயும் படி. சரியா?"

"சரிங்க," என்றாள் சின்னவள். பழக்கதோஷம், "நன்றிங்க" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அத்தானின் பிரசாரம் அவருடைய காரைப் போலவே நிதானமாகக் கிளம்பியது. காலையில் வகுப்பு, மாலையில் தெருத்தெருவாக நடை. பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு. தனக்குத்தான் ஓட்டு என்று சொன்னவர்களுக்கு அதில் ஒவ்வொரு கோடு. மூன்றாவது வாரம் சின்னவளிடம் அதை நீட்டினார். வாயெல்லாம் பல்.

"நானூத்திப் பன்னெண்டு பேர். மாட்டேன்னு சொன்னவங்க எத்தனை தெரியுமா? ஒருத்தர்கூட இல்ல! உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் இதை மிஞ்சுமா?"

"அத்தான், உங்க மூஞ்சிக்கு நேரா யார் மாட்டேன்னு சொல்லுவாங்க? உங்ககிட்ட படிச்சவங்களுக்கு இன்னும் நினைப்பு, பக்கத்து சீட்ல பிரேக் உங்க கால்லதான் இருக்குன்னு."

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் நோட்டை மூடவில்லை.

"நீங்க நடக்குற தெருவுல, நின்னு பேசுறவங்களைத்தான் நீங்க கேக்கறீங்க," என்றாள் அவள். "கதவைத் திறக்காதவங்க? உங்களைப் பாத்ததும் அடுத்த சந்துல திரும்பிட்டவங்க? நாங்க அப்படி இல்ல. நம்பரை கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். யார் வருவாங்கன்னு எங்களுக்கே தெரியாது. எடுக்கலன்னா நாலு தடவ திரும்பக் கூப்பிடுவோம். ஏன்னா சாயங்காலம் வீட்டுல இருக்கறவங்க ஒரு மாதிரி, இல்லாதவங்க இன்னொரு மாதிரி. ஊர்ல எல்லாருக்கும் மாட்டுற வாய்ப்பு ஒண்ணா இருந்தா, அறுநூறு பேர் போதும்."

"அறுபதாயிரம் ஓட்டுக்கு அறுநூறு!" அத்தான் பரிதாபமாகத் தலையசைத்தார். "பாவம், நீயும் எதையோ நம்பித்தானே பொழைக்கணும்."

கணிப்பு அடுத்த திங்கட்கிழமை தொடங்கியது. மாலை ஐந்து முதல் எட்டு வரை பதினான்கு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். மேற்பார்வையாளர் நடுநடுவே ஏதாவது ஓர் அழைப்பில் தன் ஹெட்போனைச் செருகி, கேள்விகள் ஒழுங்காகக் கேட்கப்படுகின்றனவா என்று கவனிப்பாள். புதன்கிழமை ஆறரை மணிக்கு ஏழாம் நாற்காலியில் செருகினாள். அங்கே இருந்தவள் வேலைக்கு வந்து இரண்டு மாதமான பெண்.

"வீட்டுல பதினெட்டு வயசுக்கு மேல எத்தனை பேருங்க?"

"ரெண்டு பேர்."

"அதுல கடைசியா பிறந்தநாள் வந்தது யாருக்குங்க? அவங்ககிட்டதான் நான் பேசணும்."

போனை யார் எடுக்கிறார்களோ அவர்களையே கேட்டால், எப்போதும் போனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆட்களே மாட்டுவார்கள் என்பதற்காக வைத்த விதி அது.

"எனக்குத்தான். போன மாசம்."

'ரெண்டு பேர்' என்றபோதே குரல் தெரிந்துவிட்டது. அக்கா.

தெரிந்த குரல் என்றால் அந்த நொடியே ஹெட்போனைக் கழற்றிவிட வேண்டும். இந்த விதியை எழுதியதே சின்னவள்தான். கை வயர்வரை போயிற்று. போன கை அங்கேயே நின்றது.

"இன்னைக்கே தேர்தல் நடந்தா யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?" ஏழாம் நாற்காலிப் பெண் வேட்பாளர்கள் மூவரின் பெயரையும் வரிசையாகச் சொன்னாள்.

பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடியது. யாரோ அதை மூடினார்கள்.

"மேயரம்மாவுக்கு."

"சரிங்க. அது உறுதியான முடிவா, மாறலாமா?"

"உறுதி."

"சரிங்க. அதுக்குக் காரணம் என்னன்னு உங்க வார்த்தையிலயே…"

சின்னவள் வயரைப் பிடுங்கினாள். அறையில் மற்றப் பதின்மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் காதில் விழுந்தன. ஏழாம் நாற்காலிப் பெண் தலையை ஆட்டிக்கொண்டே எதையோ தட்டச்சு செய்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது போலிருந்தது. ஆனால் "நன்றிங்க" என்று மட்டும்தான் சொன்னாள். நல்ல பெண்.

பதில்கள் எல்லாம் கணினியில் இருந்தன. காரணம் என்று இருந்த கட்டத்தைத் திறந்தால் அக்கா சொன்னது சொல்லுக்குச் சொல் இருக்கும். சின்னவளிடம் அதற்குக் கடவுச்சொல் இருந்தது. எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பும்போது அவளும் கணினியை அணைத்துவிட்டு, நேரே ஐயாவின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அக்கா யார் பெயரைச் சொன்னாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அந்தப் பதிலை எடுத்துடணுமா ஐயா?"

"எதுக்கு? வேட்பாளர் வீட்டுக்காரங்களும் ஓட்டுப் போடுறவங்கதானே? அறுநூறுல ஒண்ணு. இருக்கட்டும்." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீதான் வயரைப் பிடுங்க லேட் பண்ணிட்ட."

"ஆமா ஐயா."

"மறந்துடு. நம்ம தொழில்ல கேக்கறது பாதி, மறக்கறது பாதி."

கேட்பது எளிது என்று பதினெட்டு வருடமாக அவளுக்குத் தெரியும். மறப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வீட்டுக்கு நடக்கும் வழியில் தெரிந்தது. அக்காவுக்கு அத்தான்மேல் என்ன கோபம்? சண்டையா? இருபத்தெட்டு வருடத்தில் அவர்கள் சண்டை போட்டு அவள் பார்த்ததில்லை. அக்கா கதவைச் சாத்துவாள், அத்தான் கதவுக்கு வெளியே நின்று ஜோக் சொல்லுவார், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அவர்கள் வீட்டில் சண்டை என்றால் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் முதல் பக்கத்திலேயே கணிப்பு வந்துவிட்டது. மேயரம்மா நாற்பத்தாறு, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் முப்பத்தொன்பது, மூன்றாவது ஆள் மூன்று, இன்னும் முடிவு செய்யாதவர்கள் பன்னிரண்டு.

சின்னவள் போனபோது அத்தான் சாப்பாட்டு மேசையில் பத்திரிகையை விரித்துப் போட்டு, அதன்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றியிருந்தார். பெரியவள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வா. வந்து சொல்லு. யார் இந்த அறுநூறு பேர்? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்குக்கூட போன் வரல. கடைத்தெருவுல எல்லாரையும் கேட்டுட்டேன். நம்ம வீட்டுக்குக்கூட வரல!"

பெரியவளின் கை ஒரு கணம் நின்று, மறுபடி ஊற்றியது.

"வந்திருந்தா சொல்லியிருக்கமாட்டேனா," என்றாள்.

சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்து, சர்க்கரை டப்பாவை எடுத்து, அதன் மூடியை வெகு கவனமாகத் திறந்தாள்.

"அது போகட்டும். இதைக் கேளு." அத்தான் ஐந்தாம் பக்கத்துக்குத் திருப்பினார். வாக்காளர்கள் சொன்ன காரணங்களில் சிலவற்றைப் பத்திரிகை பெட்டி கட்டிப் போட்டிருந்தது. "'மேயரம்மாவுக்கு அனுபவம் இருக்கு.' சரி, ஒத்துக்கறேன். 'மாஸ்டர் பொறுமைசாலி.' சந்தோஷம். இதைப் பாரு, ஐம்பதுகளில் உள்ள ஒரு பெண். ஓட்டு மேயரம்மாவுக்காம். ஏன்னு கேட்டதுக்கு என்ன சொல்லியிருக்கா தெரியுமா? 'மாஸ்டரை எனக்கு நல்லாத் தெரியும். அதனாலதான்.'"

சின்னவளுக்குத் தேநீர் புரையேறியது. பெரியவள் அவள் முதுகில் தட்டினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

"நல்லாத் தெரியுமாம்! அதனாலதானாம்! யாரு இவ? நான் என்ன பண்ணேன் இவளுக்கு?" அத்தான் விரல் மடக்க ஆரம்பித்தார். "நாலு தடவ ஃபெயிலான அந்த டைப்பிஸ்ட் அம்மாவா இருக்குமா? ஆனா அவங்க அஞ்சாவது தடவ பாஸ் ஆயிட்டாங்களே, பெட்டி நிறைய ஆரஞ்சு கொண்டாந்து கொடுத்தாங்களே. பூக்கடைக்காரி? சேச்சே. ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருத்தி அழுதாளே, அவளுக்கு இப்ப அம்பது இருக்குமா?"

"ஆறப்போகுது, குடிங்க," என்றாள் பெரியவள்.

அத்தான் குடித்தார். கோபம் அவருக்கு ஒரு கோப்பைத் தேநீருக்கு மேல் தாங்காது. கோப்பையை வைத்தபோது குரல் இறங்கியிருந்தது.

"நிஜத்தைச் சொல்லு. நான் தோத்துட்டேனா?"

"இல்ல அத்தான்." சின்னவள் பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்தாள். அச்சில் வந்துவிட்ட எண்களைப் பற்றி அவள் பேசலாம். "கீழ பொடி எழுத்துல போட்டிருக்காங்க பாருங்க, ஒவ்வொரு எண்ணும் முன்னே பின்னே நாலு இருக்கலாம்னு. அப்படின்னா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குற ஏழு, பதினாலாவும் இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். மேயரம்மா முன்னால இருக்கற மாதிரி தெரியுது, போன வாரத்து நிலவரம். அவ்வளவுதான் இது சொல்லுது. இன்னும் பன்னெண்டு பேர் யாருக்குன்னே முடிவு பண்ணல."

"அவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு பெரிய எழுத்து?"

"தலைப்பு நாங்க போடுறதில்ல. இங்க பாருங்க, எனக்கு இதுதான் பயம்." அவள் விரல் வைத்த இடத்தில், ஊரின் பகுதிகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் அத்தானும் மேயரம்மாவும் சமமாக இருந்தார்கள். அந்தப் பக்கம் மேயரம்மா அறுபது, அத்தான் இருபத்தொன்று. "இதுல நூத்திநாப்பது பேர்தான், அதனால இன்னும் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். ஆனா இருபத்தொண்ணு முப்பதுன்னே வெச்சாலும் அது அடிதான். அந்தப் பக்கம் எத்தனை தடவ போயிருக்கீங்க?"

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாக அடுக்குமாடிக் குடியிருப்புகள். கார் வைத்திருப்பவர்கள் குறைவு. எல்லோரும் பேருந்தில் போகிறவர்கள். டிரைவிங் ஸ்கூலுக்கு அங்கிருந்து யாரும் வந்ததில்லை. அவரும் போனதில்லை.

"கண்ணாடியில தெரியாத பக்கம்," என்றார் கடைசியில், மெதுவாக. "முப்பது வருஷமா ஊருக்குச் சொல்லிக் கொடுக்கறேன்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் காரை வீட்டில் விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறினார். அந்தப் பக்கம் போகும் பேருந்து ஒரு மணிக்கு ஒன்று என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். நிறுத்தத்தில் ஐம்பது நிமிடம் நின்றார். பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரித் துப்புரவுப் பணியாளர், "நீங்க புதுசா? நாங்க பதினோரு வருஷமா நிக்கறோம்" என்றாராம். அதற்குப் பிறகு தினமும் போனார். கூட்டம் போடவில்லை, பேசவும் இல்லை. ஒரு நிறுத்தத்தில் ஏறி இன்னொன்றில் இறங்கி, பக்கத்து இருக்கைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்தார். நோட்டில் கோடு போடுவதை விட்டுவிட்டு, பேருந்து எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுத ஆரம்பித்தார். இளைத்துப் போனார். முகத்தில் மட்டும் ஒரு புதுக் களை வந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை சின்னவள் போனபோது அத்தான் வீட்டில் இல்லை. பெரியவள் பால்கனியில் காய்ந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். இவளும் ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்தாள்.

"நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்டி," என்றாள் பெரியவள், போர்வையைப் பார்த்துக்கொண்டே. "உங்க ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. நான் மேயரம்மாவுக்குன்னு சொல்லிட்டேன்."

சின்னவள் இரண்டு எட்டு முன்னால் வந்து, போர்வையின் முனையை அக்கா கையில் சேர்த்தாள்.

"தெரியும்க்கா. நான் ஹெட்போன்ல இருந்தேன்."

பெரியவள் போர்வையை அப்படியே அவள் தலைமேல் போட்டாள். உள்ளே இருந்து சின்னவளின் சிரிப்பு கேட்டது. பிறகு வெளியேயும் சிரிப்பு. இரண்டு பேரும் பால்கனிச் சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

"எதுவரைக்கும் கேட்ட?"

"'உறுதி'வரைக்கும். அதுக்கப்புறம் பிடுங்கிட்டேன். காரணத்தைப் பேப்பர்லதான் படிச்சேன்."

"நான் மட்டும்? அவர் வாயாலேயே கேட்டேனே! 'யாரு இவ'ன்னு என்னைப் பாத்தே கேக்கறார்!" பெரியவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு மெல்ல வடிந்தது. "நிஜத்தைத்தான்டி சொன்னேன். அவருக்கு முடியாதுன்னு சொல்ல வராது. மேயர்னா தினம் நூறு பேருக்கு முடியாதுன்னு சொல்லணும். ஒவ்வொருத்தருக்கும் சொல்லிட்டு வந்து, தூக்கமில்லாம புரளுவார். அதை நான் பாக்கணும். அப்புறம்…" ஒரு தலையணை உறையை எடுத்து உதறினாள். "சாயங்காலம் ஏழு மணிக்கு சாவியை ஆணியில மாட்டுற சத்தம் கேக்கும். இருபத்தெட்டு வருஷமா. ஜெயிச்சுட்டார்னா அது எனக்குக் கேக்காது."

"அதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அப்பவே வாபஸ் வாங்கிடுவார். எனக்கும்தான் அவர் முடியாதுன்னு சொல்லமாட்டாரே." பெரியவள் உறையை மடித்தாள். "நாள் பூரா கடையில நான் கேக்கறேன், இந்தக் கண்ணாடி தெளிவா, அந்தக் கண்ணாடி தெளிவான்னு. என்னை உக்கார வெச்சு இதுவா அதுவான்னு ஒருத்தர் கேட்டது அன்னைக்குத்தான். அந்தப் பொண்ணு யாரோ எவளோ. சொன்னேன், 'சரிங்க'ன்னா. ஏன் எப்படின்னு ஒரு அதிர்ச்சி இல்ல, ஒரு புத்திமதி இல்ல. மனசு லேசாயிடுச்சு."

இத்தனை வருடத்தில் தன் தொழிலைப் பற்றி இப்படி ஒருவர் சொல்லி சின்னவள் கேட்டதில்லை. மிச்சத் துணியையும் மடித்துக் கொடுத்துவிட்டு, அக்காவின் தோளில் கொஞ்ச நேரம் முகத்தை வைத்துக்கொண்டாள்.

தேர்தலுக்கு நான்கு நாள் முன்னால் இரண்டாவது கணிப்பு வந்தது. மேயரம்மா நாற்பத்தைந்து, மாஸ்டர் நாற்பத்துமூன்று. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அத்தானின் இருபத்தொன்று முப்பத்தாறாகியிருந்தது. "யார் முந்துகிறார்கள் என்று சொல்ல முடியாது" என்று தசமம் ஐயா அடித்துச் சொல்லி, பத்திரிகையின் தலைப்பில் அதையே போட வைத்தார். பத்திரிகைக்காரருக்கு அதில் ஏக வருத்தம். அத்தான் அந்தக் கணிப்பை வெட்டி எடுத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தேர்தல் அன்று மூன்று பேரும் சேர்ந்தே பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். வரிசை வாசல்வரை நின்றது. முதலில் அத்தான் போட்டுவிட்டு வந்தார். பெரியவள் திரைக்குப் பின்னால் போய் வெகுநேரம் ஆயிற்று. வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. சின்னவள் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு நகர மண்டபத்தில் எண்ண ஆரம்பித்தார்கள். எட்டுக்குள் முடிந்துவிட்டது. முப்பத்துநாலாயிரம் பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். நூற்றெண்பத்தேழு ஓட்டில் மேயரம்மா ஜெயித்தார்.

அத்தான் முதல் ஆளாகப் போய் மேயரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள், மேயரம்மா சிரித்தார். அத்தான் திரும்பி இவர்களைப் பார்த்து நடந்து வந்தபோது பெரியவளின் முகம் கோணிப்போயிற்று. சின்னவள் அவளை மாடிப்படிப் பக்கம் இழுத்துப் போனாள். பெரியவள் படியில் உட்கார்ந்து அழுதாள். அப்படி அவள் அழுது அப்பா செத்த அன்றைக்குப் பிறகு சின்னவள் பார்த்ததில்லை.

"நான் அவருக்குத்தான்டி போட்டேன்," என்றாள் விக்கலுக்கு நடுவே. "போகும்போதுகூட மேயரம்மாவுக்குன்னுதான் போனேன். சீட்டுல அவர் படம் இருந்துச்சு. காலர் ஒரு பக்கம் மடிஞ்சு கிடக்கு. அன்னைக்கு யாரு படம் எடுத்தாங்களோ, சரி பண்ணி விட ஆளில்ல. அந்த முகத்தைத் தாண்டி இன்னொரு பேருக்கு என் கை போகல."

"நல்லதுதானேக்கா. அதுக்கு எதுக்கு அழறே?"

"தோத்துட்டாரே!" என்றாள் பெரியவள் கோபமாக. அதற்குமேல் விளக்கம் சொல்ல என்ன இருக்கிறது என்பது போல. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உங்க கணக்கைக் கெடுத்துட்டேனா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. அன்னைக்குக் கேட்டதுக்கு அன்னைக்கு மனசுல இருந்ததைச் சொன்ன. மனசு மாறும்னுதானே ரெண்டாவது தடவ கேக்கறோம்."

மறுநாள் விடுமுறை. மேசையில் மூன்று தேநீர்க் கோப்பைகள். அத்தானுக்கு நன்றாகத் தூக்கம் பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடித்தது. மேயரம்மா. அந்தப் பக்கத்துப் பேருந்துகளைப் பற்றி அத்தான் எழுதி வைத்த நோட்டைக் கொண்டுவர முடியுமா, அதற்காக ஒரு குழு போடப்போகிறேன், நீங்களே நடத்திக் கொடுப்பீர்களா என்று கேட்டார் போலிருக்கிறது. இந்தப் பக்கம் கேட்டதெல்லாம், "சரிங்கம்மா… தாராளமா… செவ்வாய்க்கிழமையா, சரிங்கம்மா… வியாழனும் சரிங்கம்மா" என்பதுதான்.

பெரியவள் நெற்றியில் கைவைத்துக்கொண்டு சின்னவளைப் பார்த்தாள். "மூணு 'சரி'," என்றாள் உதட்டசைவில்.

அத்தான் போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்து மேசையில் நீவிவிட்டார்.

"ஒண்ணு சொல்லு. மொதல்ல ஏழு பின்னால இருந்தேன். அப்புறம் ரெண்டு. நேத்து அரைகூட இல்ல, அப்படித்தானே?"

"அரையைக் கொஞ்சம் தாண்டும்."

"அரைன்னே வெச்சுக்கோ. அப்ப நான் அந்தப் பஸ்ல போனதுல ஆறரை புள்ளி ஏத்தியிருக்கேன். சரிதானே?"

சின்னவள் வாயைத் திறந்தாள். அந்த ஏழு உண்மையில் ஏழாகவே இருந்திருக்க வேண்டியதில்லை, முன்னே பின்னே நாலு என்பதை மறக்கக்கூடாது, பேருந்தால்தான் ஏறியது என்று சொல்ல இந்தக் கணிப்பில் வழியில்லை, அதுவும் தசமத்தில் சொல்லவே முடியாது… எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

மேசைக்கு அடியில் பெரியவளின் குதிகால் அவள் பாதத்தின்மேல் இறங்கி, அப்படியே அழுத்தி நின்றது.

"ஆமா அத்தான்," என்றாள் சின்னவள். "ஆறரை."

அத்தான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கோப்பைத் தேநீர் தானே போட்டுக் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனார். சமையலறையிலிருந்து அவர் சீட்டியடிப்பது கேட்டது. பெரியவள் இன்னும் காலை எடுக்கவில்லை.